கைராசிக்காரியும் கன்ட்ரோல் டியூபும்

காட்பாடியில் எங்கள் ஆய்வகத்தில் அவளுக்குக் கைராசிக்காரி என்று பெயர். எனக்குப் பின்னால் வந்து சேர்ந்தவள். அவள் கை பட்டால் எந்தச் சோதனையும் கூடிவரும் என்று ஆய்வகத் தலைவியான மேடமே சொல்வார். படித்தவர்கள் பேசுகிற பேச்சா இது? எனக்கு வயிறு எரியும்.

தோல் தொழிற்சாலை வேலை ஒருவருடைய டி.என்.ஏ.வில் தடம் விடுகிறதா என்பதுதான் எங்கள் ஆய்வு. நான் ஆம்பூர்க்காரி. அங்கே ஒரு தொழிலாளியிடம் நடையாய் நடந்து, கெஞ்சி, ரத்தம் வாங்கி வந்தவள் நான். பிறகு அவர் ஊரை விட்டே போய்விட்டார். அவருடைய டி.என்.ஏ. இரண்டே டியூப் இருந்தது. முதல் டியூபை மேடம் அவளிடம் கொடுத்தார்.

நாங்கள் தேடும் தடத்துக்கு மெத்தில் என்று பெயர்; டி.என்.ஏ.வின் ‘சி’ எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பைசல்பைட் மருந்து போட்டால், மெத்தில் ஒட்டாத ‘சி’ எழுத்தெல்லாம் வேறு எழுத்தாக மாறிவிடும். மெத்தில் ஒட்டியது மட்டும் ‘சி’யாகவே நிற்கும். அவள் ரிசல்ட்டில் ‘சி’ கொட்டிக் கிடந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், யாரோ மக்கன் பேடா வாங்கி வந்தார்கள். நான் தொடவில்லை.

கூடவே வைத்த கன்ட்ரோலை மட்டும் யாரும் பார்க்கவில்லை. அது மெத்திலே இல்லாத டி.என்.ஏ.; அதில் ‘சி’ மிஞ்சக் கூடாது. எங்கள் ஊரில் தோலின் ஓரத்தை வெட்டி, சாயம் உள்வரை இறங்கியதா என்று பார்ப்பார்களே, அதுபோல. நான் திறந்து பார்த்தேன். நிறையவே மிஞ்சியிருந்தது. டி.என்.ஏ.வின் இரட்டை இழைகள் சரியாகப் பிரியவில்லை, மருந்து இறங்கவில்லை, அவள் கண்ட மெத்திலில் பாதி பொய். அன்றைக்குச் சோறு ருசித்தது.

மேடத்திடம் காட்டினேன். மீதி டியூப் எனக்குத்தான் என்று கையுறைகூட மாட்டிக்கொண்டேன்.

“அவளே இன்னொரு வாட்டி பண்ணட்டும்மா. நீ கன்ட்ரோலைப் பாரு,” என்றார்.

“ரத்தம் வாங்கியாந்தது நான்தானே மேடம்?”

“நீ பண்ணா யாரு செக் பண்றது? அவ தப்ப உன்ன மாதிரி ஆசையா தேடுறவங்க இங்க வேற யாரும் இல்ல.”

முகத்தில் அறைந்தாற்போல இருந்தது. கையுறையைக் கழற்றினேன்.

இந்தமுறை அவள் இழைகள் நன்றாகப் பிரியும்வரை சூடாக்கினாள். ரிசல்ட் வந்ததும் கன்ட்ரோலைத் தலையிலிருந்து வால்வரை பார்த்தேன், திரும்பவும் பார்த்தேன். ‘சி’ மிஞ்சியிருந்தால் என் ஆம்பூர்க்காரரின் கடைசி டியூபும் வீண்தான். ஆனாலும் தேடினேன். எங்கும் மிஞ்சவில்லை.

“இன்னாக்கா, சரியா இருக்கா?” பின்னால் வந்து நின்றாள். மேடமும் என்னையே பார்த்தார்.

“சரியா இருக்கு,” என்றேன்.

எல்லோரும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.