கயிறு போத்தல்களுக்குத்தான்

பாறை ஏறுகிறவன் என்று ஊரில் எனக்கு நீண்ட நாளாக ஒரு பெயர் உண்டு. அதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை. உண்மை என்னவென்றால், உயரம் என்றால் எனக்குத் தலை சுற்றும். வீட்டுக் கூரையில் ஓடு மாற்றவேண்டி வந்தால், ஏணியைக் கீழே நின்று பிடித்துக்கொள்ளும் வேலையை முந்திக்கொண்டு கேட்டு வாங்குகிற ஆள் நான். வாலிபத்தில் ஞாயிறு தவறாமல் பாறைக்குப் போனது ஒரு போத்தல் ஜிஞ்சர் பியருக்காக. கடையிலேயே வாங்கிக் குடித்திருக்கலாமே என்பீர்கள். குடித்துப் பார்த்தேன். அது வேறு சாமான்.

மாத்தளையில் அப்போது ஒரு சின்னச் சோடாக் கம்பனி இருந்தது. கண் தெரியாதவரும் வழி கேட்காமல் போய்ச் சேரலாம். இஞ்சி இடிக்கும் வாசனை அவ்வளவு தூரம் வரும். பெயரில் பியர் இருக்கிறதே என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம். கோயில் தர்மகர்த்தாவும் குடித்தார், பள்ளிவாசல் டிரஸ்டியும் குடித்தார். மண்ணிறப் போத்தல், எப்போதும் கோணலாகவே ஒட்டிய மஞ்சள் லேபிள், அடியில் இஞ்சி மண்டி. முதல் மிடறு மூக்கில் ஏறும். இரண்டாவது கண்ணில் தண்ணீர் வரவைக்கும். மூன்றாவதில்தான் அது ஒரு பானம் என்பது தெரியவரும்.

பாறை ஏறுகிறவர்களுக்கு அதன்மேல் அப்படியொரு பித்து. எல்கடுவப் பக்கத்துத் தோட்டங்களின் வெள்ளைக்காரச் சின்னத்துரைமார் ஆணி அடித்த சப்பாத்தோடு ஏறிவிட்டு வந்து, கிளப்புக்குப் போகாமல் றோட்டோரக் கடையில் நின்று இதைத்தான் கேட்பார்கள். சீகிரியாவை ஏறிவிட்டுத் திரும்பும் கொழும்புப் பையன்கள் பஸ்ஸை நிறுத்திப் போத்தல் வாங்கிப் போவார்கள். காரணம் ஆளுக்கொன்று சொல்வார்கள். எங்கள் கோஷ்டியில் மிளகுக்கடை வைத்திருந்த முஸ்லிம் மூத்தவர் ஒருவர், எங்களுக்கு நானா; அவருடைய கொள்கை சோடாக் காஸ் பற்றியது. “வயித்துல காஸ் போனா ஆள்ட பாரம் கொறையும் தம்பி. பலூன் பாத்ததில்லையா?” என்பார். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என்னைவிட இரண்டு மடங்கு பாரம். பாறையில் பல்லி மாதிரி ஏறுவார். அதனால் மறுத்துப் பேச எனக்கு வழியிருக்கவில்லை.

கோஷ்டி என்றால் மூன்று பேர். நானா, பூகோளம் படிப்பிக்கும் ஒரு மாஸ்டர், புத்தகக் கடையில் வேலை பார்த்த நான். இமயத்து உச்சியில் மனிதன் ஏறிவிட்டான் என்று பத்திரிகையில் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மலையேற்றப் புத்தகங்கள் கடைக்கு வரும். விற்பதற்கு முன் நான் படித்துவிடுவேன்; சிலவற்றைப் படித்ததால் விற்காமலும் விட்டேன். முடிச்சுகள் பற்றிய அத்தியாயத்தை இரண்டு தரம் படித்திருக்கிறேன்.

எங்களிடமும் ஒரு கயிறு இருந்தது. ஆனால் அது மனிதருக்கல்ல, போத்தல்களுக்கு. நாங்கள் மொட்டைத்தலை என்று பெயர் வைத்திருந்த பாறை, அலுவிகாரைக்கு மேலே ஒரு கொக்கோத் தோட்டத்துக்குப் பின்னால் நின்றது. அதன் உச்சியில் எந்தக் கோடையிலும் வற்றாத ஒரு குழித் தண்ணீர் உண்டு. நானா கயிற்றோடு வெறுங்காலில் முதலில் ஏறுவார். ஈரச் சாக்கில் சுற்றிய போத்தல்களை மாஸ்டர் கீழே நின்று கட்டுவார். பிள்ளைத்தாய்ச்சியைத் தூக்குவதுபோல நானா மெள்ள மேலே இழுத்துக் குழியில் போடுவார். பிறகு மாஸ்டர் ஏறுவார். சட்டம் ஒன்றே ஒன்று: கடைசி ஆள் உச்சிக்கு வரும்வரை யாரும் மூடி திறக்கக்கூடாது.

கடைசி ஆள் எப்போதும் நான். எந்த வழியாக வரவேண்டும் என்று சட்டத்தில் இல்லை. பாறையின் பின்பக்கம் ஓர் ஒற்றையடிப் பாதை இருந்தது. விறகு பொறுக்கும் பெண்கள் தலைச்சுமையோடு போய்வருகிற பாதை. நான் அதில் வருவேன். நண்பர்கள் இருவரும் அதைப் பற்றி எங்கேயும் மூச்சுவிட்டதில்லை. அந்த மாதிரி நண்பர்கள் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ரத்தோட்டையில் எனக்குப் பெண் பார்த்தார்கள். காப்பித் தட்டை வைத்தவள், என் மடியில் கிடந்த புத்தகத்தின் தலைப்பைத் தலைகீழாகவே படிக்க முயன்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது. அவளுடைய அப்பாவுக்கு நான் போதவில்லை.

“புத்தகக் கடைப் பையன்ங்கிறீங்க. காத்தடிச்சா விழுந்துருவாரு போல இருக்கே?” என்றார் என் மாமாவிடம்.

“விழுறதா? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கல்லு ஏறுறவனுங்க அவன்!” என்றார் மாமா.

“அப்படியா? சரி, நம்ம பெரியவன் ஒரு நாள் கூடப் போய்ப் பாத்துட்டு வரட்டும். அவன் சொல்றதுதான் முடிவு.”

பெரியவன் என்பது பெண்ணின் அண்ணன். தேயிலைத் தோட்டத்தில் வெளிவேலை உத்தியோகம்; சரிவிலேயே நடந்து பழகிய கால். அடுத்த ஞாயிறு, மடிப்புக் கலையாத வெள்ளைக் களிசானும் சப்பாத்துமாக வந்து இறங்கினார். போத்தல் நான்காயிற்று. பின்பாதை எனக்கு அடைபட்டுப் போயிற்று.

நானா ஏறினார். போத்தல்கள் ஏறின. அண்ணன் சப்பாத்தைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பஸ்ஸில் ஏறுவதுபோல ஏறிப் போனார். மாஸ்டர் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். பிறகு நான்.

பாதிவரை போனேன். இன்றும் அதை நினைத்து வியக்கிறேன். பாதியில், ஒரு பூனை வசதியாகப் படுக்கக்கூடிய அளவில் ஒரு திட்டு இருந்தது. அதில் உட்கார்ந்து கீழே பார்த்தேன். அந்தப் பார்வையோடு என் கால்கள் வேலையை இராஜினாமாச் செய்துவிட்டன.

“என்னாங்க, ரெஸ்ட் எடுக்கிறீங்களா?” என்று அண்ணனின் குரல் மேலிருந்து மரியாதையாகக் கேட்டது.

“காட்சி பாக்கிறேன்” என்றேன்.

வெயில் ஏறியது. மேலே மூன்று பேருக்கும் நாக்கு காய்ந்தது. நாலு போத்தல் குளிர்ந்து கிடக்கிறது, சட்டம் விடவில்லை.

“தம்பி! நோன்பு தொறக்கவாவது ஒரு நேரம் இரிக்கி. ஒங்கட காட்சி எப்ப முடியும்?” என்று நானா கத்தினார்.

கடைசியில் கயிற்றை இறக்குவது என்று முடிவாயிற்று. வெறுங்கயிறு காற்றில் ஆடி என்னைத் தாண்டிப் போனது. “நுனிக்குப் பாரம் வேணும்” என்றார் மாஸ்டர். மொட்டைத்தலை உச்சியில் பாரமென்று கட்டுவதற்கு இருந்தது ஒன்றுதான். போத்தல் ஒன்று பாறையில் டிங், டிங் என்று முட்டிக்கொண்டு என் மூக்குக்கு நேரே வந்து நின்றது.

“போத்தலக் கழட்டுங்க, கயித்த இடுப்பில கட்டுங்க!” என்றார் மாஸ்டர்.

முதல் பாதியைச் சரியாகச் செய்தேன். போத்தலைக் கழற்றினேன். எனக்கு இருந்தவை இரண்டு கைகள். ஒன்று பாறைக்கு, ஒன்று போத்தலுக்கு. கயிற்றுக்கு மூன்றாவது கை வேண்டியிருந்தது. கயிறு என்னைவிட்டு ஆடிப் போய்விட்டது. இரண்டு தரம் படித்த அத்தியாயத்தில் இதற்கு வழி இருந்திருக்கலாம். நான் மூடியைத் திட்டின் விளிம்பில் வைத்து ஒரு தட்டுத் தட்டினேன். வழிநெடுக முட்டிக்கொண்டு வந்த போத்தல் அல்லவா, பாதி என் முகத்தில் அடித்தது.

மேலே மாஸ்டரின் தலை விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்த்தது.

“தொறந்திட்டாரா?” என்று நானா கேட்டார்.

“திறந்திட்டார்” என்றார் மாஸ்டர்.

“அப்ப சட்டம் முடிஞ்சிச்சு!”

டப், டப், டப் என்று மூன்று மூடிகள் பறந்தன. பிறகு நெடுநேரம் என்னை ஒருவரும் கூப்பிடவில்லை.

மிச்சமிருந்த பாதியை நான் குடித்தேன். சட்டையெல்லாம் இஞ்சி. கீழே கொக்கோ மரங்களின் சிவந்த கொழுந்துகள், அதற்கும் கீழே கண்டி றோட்டில் எறும்புபோல ஒரு பஸ். தலை சுற்றவில்லை. மேலேயிருந்து அண்ணனின் ஏப்பம் பள்ளத்தாக்குக்கே கேட்டது. வெட்கப்படவேண்டிய நேரம் அது என்று தெரிந்தும் என்னால் வெட்கப்பட முடியவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ போத்தல் குடித்தேன். அந்த அரைப் போத்தலின் ருசி எதிலும் இல்லை.

அண்ணன் பின்பாதையால் இறங்கி, முன்பக்கமாகத் திட்டுவரை ஏறிவந்து, என் கையைப் பிடித்து அடி அடியாக இறக்கினார். கீழே வந்ததும் விறகுக்கட்டோடு ஓர் அம்மா எதிர்ப்பட்டாள்.

“என்னாங்கய்யா, இன்னைக்கி நம்ம பாதைப் பக்கம் வரக் காணோம்?”

அண்ணன் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிப்போனார். நான் அன்றிரவே ரத்தோட்டையை மனதிலிருந்து எடுத்துவிட முயன்றேன். முடியவில்லை. அடுத்த வாரம் சம்மதம் என்று ஆள் வந்தபோது, மாமா என்னைவிட அதிகமாக அதிர்ச்சியடைந்தார்.

இப்போது அந்தக் கம்பனி இல்லை. இருந்த இடத்தில் லொறி கழுவுகிறார்கள். மாஸ்டர் மாற்றலாகிப் போய்விட்டார். நானாவுக்குச் சீனி வியாதி. இஞ்சியை வெறும் தேத்தண்ணியில் போட்டுக் குடித்துவிட்டு என்னைப் பாவமாகப் பார்க்கிறார். மழை பெய்து மண் மணக்கும் நாட்களில், வேறெதற்கும் இல்லாவிட்டாலும் அந்த மூக்கில் ஏறும் காட்டத்துக்காக ஏங்கிப்போகிறேன்.

அப்படி ஏங்கிய ஒரு நாளில் மனைவியிடம் கேட்டேன், அன்றைக்கு உன் அண்ணன் வீட்டில் என்னதான் சொன்னார் என்று. அவரை மயக்கிய என் துணிவு எது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஓர் ஆசை. படித்துக்கொண்டிருந்த புத்தகத்திலிருந்து அவள் தலையைத் தூக்கவில்லை.

“‘பயப்படாதீங்கப்பா, ஒக்கார வச்ச எடத்துல ஒக்காந்திருப்பாரு. கையில குடிக்க ஏதாவது குடுத்தாப் போதும்’னு சொன்னாரு.”