ஓசி லினக்ஸும் என் ஒரே சந்தேகமும்

இன்று தி.நகரில் என் பாத்திரக் கடையில், கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் ஏற்றியாகிவிட்டது.

கடைக்கும் மாம்பலம் கிடங்குக்கும் பொதுவாக ஒரு சர்வர் கம்ப்யூட்டர் வைக்கிறேன். அதற்கு பில்லிங் மென்பொருள் எழுத அடையாறிலிருந்து கீதா வந்தார். முதலில் எழுதிச் சோதிக்கத் தனியாக ஒரு கம்ப்யூட்டர் கேட்டு வாங்கி, சிடியிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றினார்.

"எல்லாம் ஃப்ரீ சார்."

"ஓசியில குடுக்கறவனுக்கு இன்னாம்மா லாபம்?"

"அவங்களுக்கும் இது தேவை சார். சேர்ந்து எழுதிக்கிறாங்க. உள்ள என்ன இருக்குன்னு யார் வேணா திறந்து பார்க்கலாம்."

அதுதான் எனக்குப் பிடித்தது. போன தீபாவளி நேரத்தில் பழைய மென்பொருள் நின்றுபோனது. எழுதியவர் அமெரிக்காவில். வேறு யாராலும் அதைத் திறக்க முடியவில்லை. சீசன் முழுக்கக் கையால்தான் பில் போட்டோம்.

"நீயும் அமெரிக்கா போயிட்டா?"

"கண்டிப்பா போவேன் சார். விசாவுக்குக் குடுத்திருக்கேன்" என்று சிரித்தார்.

கடைசியில் பேசி முடித்தது இது: மென்பொருள் ஓடியதும் பாதிப் பணம். கீதா எழுதிவைக்கும் குறிப்பை மட்டும் பார்த்து, அவரை எதுவும் கேட்காமல், இன்னொருவர் காலி கம்ப்யூட்டரில் அத்தனையையும் நிறுவிக் காட்டியதும் மீதி.

அந்த இன்னொருவர், இதைப் படிக்கும் உங்களில் யார்? மதியச் சாப்பாடு என் செலவு.