சந்தனம் பூசிய தகடுகள்

சுந்தரபாண்டிக்குத் திருச்சுழிப் பக்கம் பதினெட்டு ஏக்கர் நிலம், அதில் பாதி சீமைக்கருவேலம். மீதியில் மூன்று ஏக்கரை ஓர் ஆராய்ச்சிக் குழு குத்தகைக்குக் கேட்டு வந்த நாளிலிருந்து, தன்னை விஞ்ஞானி என்றே நம்பத் தொடங்கிவிட்டார். எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தவர். மல்லாங்கிணறு பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம், "வெயில வச்சே தண்ணியில இருந்து ஹைட்ரஜன் எடுக்கோம்ல" என்று ஆரம்பிப்பார். இறங்கும் வரை விடமாட்டார்.

விஷயம் இதுதான். கண்ணாடி மூடி போட்ட தட்டில் கொஞ்சம் தண்ணீர். அதற்குள் ரஸ்க் மாதிரி உள்ளெல்லாம் நுண்துளையாக ஒரு தகடு. துளைகளில் தண்ணீர் ஊறி வெயில் பட்டால், தகட்டில் ஏற்றியிருக்கும் மருந்து தண்ணீரைப் பிரித்துவிடும். ஹைட்ரஜன் குமிழ் குமிழாகக் கிளம்பும். துளை அடைத்தால் எல்லாம் போச்சு. மூடி துடைத்துச் சுத்தத் தண்ணீர் ஊற்றுவது ஜக்கம்மாள் வேலை. காட்டுக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவளுக்கு முதன்முதலாக மாதச் சம்பளம். சுந்தரபாண்டிக்கு மேற்பார்வை, அதாவது நாற்காலி.

ஆயுத பூஜை வந்தது. டிராக்டருக்குப் பொட்டு வைக்கும்போது தகடு மட்டும் சும்மா இருக்கலாமா? மூடிகளைத் திறந்து நாற்பது தகட்டிலும் சந்தனத்தை அப்பினார் மனுசன். உதவ வந்த ஜக்கம்மாளை, "பூசைச் சாமானத் தொடாத, தள்ளி நில்லு" என்று விரட்டினார். மறுநாள் ஒரு குமிழ்கூட வரவில்லை.

ஆராய்ச்சிக் குழுவின் இன்ஜினியர் சத்யபிரியா காரில் வந்து இறங்கினார். யார் செய்தது என்று கேட்டார்.

"இவதாம்மா. சொல்லச் சொல்லக் கேக்கல" என்றார் சுந்தரபாண்டி, கொஞ்சமும் கூசாமல்.

"நாளையிலிருந்து வராதீங்க" என்றார் சத்யபிரியா, ஜக்கம்மாளிடம். வேடிக்கை பார்த்த கூட்டத்தில் நானும் நின்றேன். சந்தனம் அப்பியது யார் என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. என் யோக்கியதையும் அவ்வளவுதான்.

ஜக்கம்மாள் அழவில்லை. "போறேம்மா. அய்யா ஒண்ணு மட்டும் சொல்லட்டும். பூசைச் சந்தனத்த என்னையத் தொட விட்டாகளா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். ஆனால் பங்காளிகள் அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். சுந்தரபாண்டி அவர்கள் முகத்தைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"இவ தொட்ட சந்தனத்தையா நான் பூசைக்கு வைப்பேன்? நாந்தான் வச்சேன்!" என்று கத்தினார்.

அதைச் சொன்ன பிறகும் மீசையைத் தடவிக்கொண்டார். ஜக்கம்மாள் வாளியை எடுத்துக்கொண்டு தகடுகளைக் கழுவப் போனாள்.