நம்பாத வள்ளியும் குளிர் பட்ட பலகையும்

வள்ளியம்மை போய்விட்டாள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது பினாங்கு ஆயர் ஈத்தாம் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். நான் நம்பவில்லை. எவனோ வேலையற்றவன் கிளப்பிவிட்டது என்றுதான் நினைத்தேன். "வர்ற மெசேஜையெல்லாம் நம்புறவளுக்கு மூளை எதுக்குடி?" என்று என்னைத் திட்டியவளே அவள்தானே. அவள் எண்ணுக்கே அழைத்தேன். அவள் தம்பி எடுத்தார். "உண்மைதான்க்கா. காலையில நெஞ்சு வலிக்குதுன்னு உட்கார்ந்தாங்க, அவ்வளவுதான்" என்றார். கீரையை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

போன ஞாயிறு நடந்த இரங்கல் கூட்டத்துக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். ஆளாளுக்கு எழுந்து, "வள்ளியம்மை எல்லாரையும் நம்பியவர்" என்று பேசினீர்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. வள்ளியாவது, நம்புவதாவது! பட்டர்வொர்த் மரச் சோதனைக் கூடத்தில் அத்தனை வருஷம் அவளோடு வேலை பார்த்தவள் நான். கடையில் வாங்கிய முட்டையைக்கூடத் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் உடைப்பாள். செத்தவர்களுக்கு இல்லாத குணத்தையெல்லாம் மாலையாகப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

ஒரு தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். என் மாமியார் இந்தியாவிலிருந்து ஆசையாகச் சுமந்துவந்த சந்தனப் பிள்ளையாரைக் கையில் எடுத்தாள். கும்பிடப்போகிறாள் என்று பார்த்தால், அடிப்பக்கத்தை நகத்தால் சுரண்டி முகர்ந்தாள். "சந்தனம் இல்லம்மா, வேற மரம். செண்ட் தடவியிருக்கான்." மாமியாரின் முகம் சுருங்கிவிட்டது. அதற்குப் பிறகு வள்ளி எத்தனை முறை வந்தும் அவர் கையால் ஒரு கரண்டி ரசம் கிடைத்ததில்லை.

இப்போது செல்வத்தின் கதை. சிம்பாங் அம்பாட்டில் ஒரு மர வியாபாரியின் கிடங்கில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தவன். குளிர் நாட்டிலிருந்து பைன் பலகை வந்து இறங்கியது. வாடிக்கையாளருக்குக் காட்டிய மாதிரிப் பலகையில் வளையங்கள் நெருக்கமாக இருந்தன. அனுப்பிய பலகைகளிலோ அகல அகலமாக இருந்தன. நம் ஊர் மரங்களுக்குக் குளிர்காலம் கிடையாது, ஆண்டு வளையமும் தெளிவாக விழாது. அதனால் நம் வியாபாரிகளுக்கு வளையத்தைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்று: நெருங்கியிருந்தால் குளிர் நாட்டு மரம், அகன்றிருந்தால் சூட்டு நாட்டுத் தோட்டத்து மட்டச் சரக்கு. செல்வம்தான் நல்ல பலகையை விற்றுவிட்டு மட்டமானதை அடுக்கிவிட்டான் என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். வேலையும் போய், போலீஸ் கேசும் ஆகிற நிலை. அவனுக்குப் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள். சோதனைக்காகப் பலகைகள் எங்களிடம் வந்தன.

செல்வம் அறைக்கு வெளியே நின்று அழுதுகொண்டிருந்தான். வள்ளி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே வந்து என்னிடம் சொன்னாள்: "இவன்தான் மாத்தியிருப்பான்னு எனக்கும் தோணுது வாணி. உடனே தோணுது பாரு, அதுதான் எனக்குச் சந்தேகமா இருக்கு."

பலகையிலிருந்து மெல்லிய சீவல் எடுத்துச் சாயம் ஏற்றினாள். மரத்தை இறுக வைக்கும் பொருள் உள்ள இடம் சிவக்கும், இல்லாத இடம் நீலமாக நிற்கும். கோடை சரியாக இல்லாமல் சீக்கிரமே குளிர் வந்துவிட்டால், அந்த ஆண்டின் கடைசிச் செல்களுக்குச் சுவரை இறுக்கிக்கொள்ள நேரம் கிடைப்பதில்லை. அகல வளையப் பலகையில் அப்படி ஒரு நீலக் கோடு ஓடியது. இன்னும் உள்ளே, நடுத்தண்டின் பக்கத்தில், உறைபனியில் நசுங்கிய செல்கள் ஒரு வரிசையாகத் தெரிந்தன. ஒரு சீவலோடு விட்டாளா? மற்றப் பலகைகளிலும் எடுத்தாள். என்னையும் பார்க்கச் சொன்னாள். நான் சொன்னதையும் நம்பாமல் மறுபடி பார்த்தாள்.

முதலாளி வந்ததும் சொன்னாள்: "நீங்க மாதிரி காட்டினது மரத்தோட வெளிப்பக்கம், முதலாளி. இதெல்லாம் நடுப்பக்கம். இளமரம் வேகமா வளரும், வளையம் அகலமாத்தான் இருக்கும். பட்டையும் மெலிசு, அதான் குளிர் உள்ள கடிச்சிருக்கு. சூட்டு நாட்டு மரத்துக்கு இந்தக் காயம் எப்படி லா வரும்?"

"நீங்க அவனுக்குச் சொந்தமா?" என்று கேட்டார் அந்த மனிதர்.

"சொந்தமா இருந்தா இன்னொரு தடவை சோதிச்சிருப்பேன்."

செல்வத்தின் வேலை தங்கியது.

போன ஞாயிறு இரங்கல் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது அவன் என்னிடம் வந்தான். தலை நரைத்துவிட்டது. "அவங்க இல்லைன்னா நான் இன்னிக்கு மனுஷனா நடமாட முடியாதுக்கா" என்று விம்மினான். மேடையில் கேட்ட பொய்களெல்லாம் எனக்குள் குமைந்துகொண்டிருந்தன. இவனும் ஆரம்பிக்கிறானா என்று வாய் முந்திவிட்டது. "தம்பி, அவ உன்னையும் நம்பலைப்பா."

"தெரியும்க்கா. மூஞ்சிக்கு நேராவே சொன்னாங்க, 'உன்னை நம்பலை, பார்த்துட்டுச் சொல்றேன்'னு. என்னை நம்புறேன்னு சொன்னவங்க அத்தனை பேரும் அன்னிக்கு வாயைத் திறக்கலை. நம்பாதவங்கதான்க்கா எனக்காக உட்கார்ந்து பார்த்தாங்க."

அதுவரை வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது. வள்ளியைப் போல என்னால் மரம் பார்க்க முடியாது. அவளிடமிருந்து ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்: ஒருவனைக் கள்ளன் என்று என் மனம் சொன்னால், முதலில் என் மனத்தைச் சந்தேகிக்கிறேன்.