மேளத்துக்குப் பின்னால் போகிற கார்

துஷ்யந்தனின் இடது காதுக்குக் கீழிருந்து தாடை வரை ஒரு வெட்டுத் தழும்பு இருக்கிறது. இருபது வயதில், தமிழ்க் கடைகள் நிறைந்த பிரெஞ்சுக் கடைத்தெருவான லாச்சப்பலில், மெத்ரோ ரயில் பாலத்துக்குக் கீழே, வாளால் வாங்கியது. வெட்டியவனும் சும்மா போகவில்லை. அவனுக்கு வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. எதற்காக வெட்டிக்கொண்டீர்கள் என்று இப்போது கேட்டால் துஷ்யந்தனுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது.

நாற்பத்தொரு வயதில் அவன் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல்காரன். ஒரு மகளுக்கு அப்பா. ஆனாலும் கை அடங்கவில்லை. மூன்று வருடங்களுக்கு முன், கார் நிறுத்துகிற இடத்துக்காக ஒருவனோடு வாய்த்தர்க்கப்பட்டு, நடு வீதியில் அவனுடைய தாடையை உடைத்தான். நீதிபதி பதினெட்டு மாதச் சிறை விதித்து, அதை 'சுர்சி' என்று நிறுத்தி வைத்தார். ஐந்து வருடங்களுக்குள் இன்னொருவர் மேல் கை வைத்தால் அந்தப் பதினெட்டு மாதமும் உள்ளே இருக்க வேண்டும். அன்றைக்கு நீதிமன்ற வாசலில் மனைவி சிவாஜினி ஒரு வசனம் மட்டும் சொன்னாள்.

"நீங்கள் உள்ளை போற அண்டைக்கு நான் கதவுப் பூட்டை மாத்திப்போடுவன்."

அவள் சொன்னதைச் செய்பவள். அன்றிலிருந்து கோபம் வந்தால் துஷ்யந்தன் கைகளைக் கட்டி, தன் முழங்கைகளைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொள்வான். சில நாட்களில் அங்கே நகம் பதிந்து கன்றிப்போயிருக்கும்.

மீதிக் கோபத்தை அவன் ஒரு காருக்குள் போட்டான். ஐம்பது வருடத்துக்கு மேல் பழைய மஸ்டாங், எட்டுச் சிலிண்டர். துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி, வெட்டி, ஒட்டி, கறுப்பு வர்ணம் அடித்து எழுப்பியிருந்தான். லாச்சப்பலில் மணவறையும் மாலையும் வாடகைக்குக் கொடுக்கிற ஐங்கரன் அதைக் கலியாணங்களுக்குப் பேசிக்கொடுத்தான். மாப்பிள்ளை பின் இருக்கையில் இருப்பார். முன்னால் நாதஸ்வரமும் தவிலும் போகும். மண்டப வாசலுக்கு இருநூறு மீற்றர்தான், ஆனால் அதைக் கடக்க அரை மணித்தியாலம் ஆகும். மேளக்காரர் நாலடிக்கு ஒருமுறை நின்று, திரும்பி, மாப்பிள்ளையைப் பார்த்து வாசிப்பார்கள். அவர்கள் நின்றால் காரும் நிற்க வேண்டும்.

சென்ற வருடம் சித்திரையில் அந்தக் கார் இருமத் தொடங்கியது. காபுரேற்றரால் நெருப்பைத் துப்பியது. புறநகரான பொண்டியில் கராஜ் வைத்திருக்கிற மன்னார்க்காரன் ஸ்ரீபன் எஞ்சினைப் பிரித்து, உள்ளே இருந்த நீண்ட இரும்புத் தண்டை வெளியே இழுத்தான். அதுதான் காம்ஷாஃப்ட். அதிலுள்ள முட்டை வடிவப் புடைப்புகள் சுற்றிச் சுற்றி வால்வுகளைத் திறந்து மூடும். அவற்றில் ஒன்று, நாய் கடித்த எலும்பு மாதிரி, பாதிக்கு மேல் தேய்ந்துபோயிருந்தது. எண்ணெய்க்குள் இரும்புத் தூள் மினுங்கியது.

"புதுசு போடவேணும்," என்றான் ஸ்ரீபன். "முதல்லை ஒண்டு சொல்லு. காரை கூடுதலா எந்த வேகத்திலை ஓடுறனி?"

துஷ்யந்தன் யோசிக்கவேயில்லை. "நூற்றிமுப்பது."

"பொய் சொல்லாதை."

"ஓட்டோ றூட்டுப் பெருந்தெருவிலை நூற்றிமுப்பதுதானே."

ஸ்ரீபன் ஒரு காட்போட் துண்டில் இரண்டு கோடுகள் கீறினான். சின்னக் கோடு, சின்னக் காம். அது வால்வைக் கொஞ்ச நேரம் மட்டும் திறக்கும். கார் மெல்ல ஓடினாலும் எஞ்சின் சீராக நிற்கும். பெரிய கோடு, பெரிய காம். அது வால்வைக் கனநேரம் திறந்து வைத்திருக்கும். வேகத்தில் பேய்ப் பலம் கொடுக்கும், நின்ற இடத்தில் குமுறும். அந்தக் குமுறல்தான் துஷ்யந்தனுக்கு வேண்டியது. போன மாதம் ஐங்கரனின் கடை வாசலில் ஒரு மாப்பிள்ளைத் தோழன் எல்லோருக்கும் கேட்கச் சொல்லியிருந்தான்: "அண்ணை, உங்கடை கார் பாக்கத்தான் புலி. சத்தம் தையல் மெசின்." கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். ஐங்கரனும் சிரித்தான்.

"பெரிசைப் போடு," என்றான் துஷ்யந்தன்.

"விசர்க்கதை கதைக்காதை. உன்ரை காருக்கு பிறேக் பிடிக்கிறதுக்கு எஞ்சின் உறிஞ்சிற காத்துத்தான் உதவி. பெரிய காம் போட்டால் மெல்லப் போகேக்கை அந்த உறிஞ்சல் இல்லை. பிறேக் கல்லு மாதிரி இறுகும். எஞ்சின் நிண்டுபோகாமல் இருக்க வேகத்தைக் கூட்டி வைக்கவேணும். ஓட்டோமாட்டிக் கியர். நீ பிறேக்கை மிதிச்சுக்கொண்டு நிண்டாலும் கார் முன்னுக்குத் தள்ளும். மேளத்துக்குப் பின்னாலை போறதுக்கு இது சரிவராது."

"எனக்கு ஓட்டத் தெரியும்."

"உனக்கு அடிக்கத்தான் தெரியும்."

அடுத்த கணம் ஸ்ரீபனின் சட்டைக் கழுத்து துஷ்யந்தனின் பிடிக்குள் இருந்தது. ஸ்ரீபனின் பின்தலை கார் தூக்குகிற தூணில் 'ணங்' என்று மோதியது. ஒரு ஸ்பானர் கீழே விழுந்து உருண்டது. ஸ்ரீபன் கையை ஓங்கவில்லை. மூச்சுத் திணறியபடியே சொன்னான்.

"இப்ப நான் பொலிசுக்கு ஒரு போன் கோல் எடுத்தால் உனக்குப் பதினெட்டு மாசம். எடுக்கவோ?"

துஷ்யந்தன் கையை எடுத்தான். முழங்கைகளைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான். ஸ்ரீபன் பின்தலையைத் தடவி விரலைப் பார்த்தான். இரத்தம் இருந்தது. கோல் எடுக்கவில்லை. பெரிய காம்ஷாஃப்டைப் பூட்டிக்கொடுத்து, "இனி இஞ்சாலை வராதை" என்றான்.

ஆனி மாதத்தில் சார்செல் பக்கம் ஒரு கலியாணம். மண்டபத்து வாகனத் தரிப்பிடத்தில் மஸ்டாங் நுழைந்தபோது ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. பெடியள் போனைத் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்தார்கள். மாப்பிள்ளைத் தோழன் ஒருவன் காரின் கூரையில் தட்டி, "இதெல்லோ சத்தம்" என்றான். துஷ்யந்தனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

முதல் நூறு மீற்றர் பிழையில்லாமல் போனது. அதற்குப் பிறகு அவனுடைய வலது கால் நடுங்கத் தொடங்கியது. பிறேக்கை முழுப் பலத்தோடு மிதித்தும் கார் அங்குலம் அங்குலமாக முன்னால் நகர்ந்தது. கயிற்றில் கட்டிய மாடு இழுப்பது போல் இழுத்தது. வெயிலில் எஞ்சின் கொதித்தது. முன்னால் தவில்காரர் மகாலிங்கம், ஐம்பத்தைந்து வயதிருக்கும், வியர்வை வழிய அடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து வந்தார். வாசலுக்கு முப்பது மீற்றர் இருக்கும்போது மேளக்காரர் நின்றார்கள். மகாலிங்கம் கால்களை ஊன்றி, கண்களை மூடி, தனி ஆவர்த்தனத்தைத் தொடங்கினார்.

எஞ்சின் ஒருமுறை தடுமாறியது. நின்றுவிடும் என்று பயந்து துஷ்யந்தன் அதே காலின் ஓரத்தால் அக்சிலேற்றரை ஒரு சொட்டுத் தட்டினான். பிறேக்கில் இருந்த கால் வழுக்கியது.

கார் பாய்ந்தது. இரண்டு மீற்றர்தான். தவில் பம்பருக்கும் மனிதனுக்கும் நடுவில் அகப்பட்டு வெடித்தது. மகாலிங்கத்தின் வலது கால் முழங்காலுக்குக் கீழே தவறான பக்கம் மடங்கியது. அவர் கத்தவில்லை. கையில் இருந்த குச்சியை இன்னும் பிடித்தபடி, தன் காலை யாருடையதோ போலப் பார்த்தார். நாதஸ்வரக்காரர்தான் கத்தினார்.

கதவைத் திறந்தது யார் என்று துஷ்யந்தனுக்குத் தெரியாது. தலைமயிரைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். முதல் குத்து மூக்கில் விழுந்தது. பிறகு பட்டுவேட்டிகளும் சப்பாத்துகளும் மட்டுமே தெரிந்தன. விலாவில் ஒன்று, முதுகில் ஒன்று, பழைய தழும்பின் மேலேயே ஒன்று. கொஞ்சம் முன்பு கூரையில் தட்டிப் பாராட்டிய அதே தோழன்தான் வாயில் உதைத்தான். ஒரு பல் நாக்குக்கு வந்தது. அவனுடைய கணுக்கால் துஷ்யந்தனின் முகத்துக்கு நேரே, பிடித்து முறிக்கத் தோதாக இருந்தது. துஷ்யந்தன் தன் முழங்கைகளைப் பிடித்துச் சுருண்டான். பொலிஸ் வரும் வரைக்கும் விடவில்லை. அவர்கள்தான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள்.

விசாரணையில் அது விபத்து என்று எழுதப்பட்டது. குடித்திருக்கவில்லை. யாரையும் அடித்திருக்கவுமில்லை. சிவாஜினி அவனுடைய உடைந்த வாய்க்குக் கஞ்சி கொடுத்தாள்.

பத்து நாள் கழித்துக் காரைப் பாரந்தூக்கி வண்டியில் ஏற்றி, அவன் பொண்டிக்குப் போனான். ஸ்ரீபன் கதவைப் பாதி திறந்தான். வீங்கிய முகத்தை நெடுநேரம் பார்த்தான்.

"அண்டைக்கு என்ரை தலையும் இப்பிடித்தான் இருந்தது," என்றான்.

"ஓம். தெரியும்."

கதவு முழுதாகத் திறந்தது. மூன்று மணித்தியாலம் இருவரும் சேர்ந்து பெரிய காம்ஷாஃப்டைக் கழற்றினார்கள். அதை எண்ணெய் வடியத் துஷ்யந்தன் கையில் வைத்திருந்த நேரத்தில்தான் ஐங்கரன் வந்தான்.

"இதை ஏன்டா கழட்டினனி? ஆவணியிலை மூண்டு கலியாணம் பேசியிருக்கிறன். எல்லாரும் அந்த வீடியோ பாத்திட்டு அதே சத்தம் வேணும் எண்டுறாங்கள். பிறேக்கை மட்டும் மாத்து."

"அந்தாளின்ரை கால்?"

"அந்தாள் நட்டஈடு கேட்டால், குடிச்சிட்டுக் குறுக்கை விழுந்தது எண்டு நாலு பேர் எழுதிக் குடுப்பாங்கள். நான் கதைச்சிட்டன்."

"அவர் குடிக்கேல்லை."

ஐங்கரன் கிட்ட வந்து துஷ்யந்தனின் வீங்கிய கன்னத்தில் இரண்டு தரம் தட்டினான். செல்லத்துக்குத் தட்டுவது போல, ஆனால் வலிக்க. "லாச்சப்பலே உன்னைப் பாத்து மூத்திரம் பெய்த காலம் ஒண்டு இருந்தது. இப்ப கலியாண வீட்டுப் பெடியள் உதைக்க, கையைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறாய். மனுசிக்குப் பயந்த நாய்."

துஷ்யந்தனின் கையில் இருந்தது அரை ஆள் உயரத்துக்கு இரும்பு. ஐங்கரனின் நெற்றியில் ஒரு நரம்பு துடிப்பது அவனுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. எங்கே விழ வேண்டும் என்று கைக்குத் தெரியும். தண்டு தோளுக்கு மேலே உயர்ந்தது. ஐங்கரன் பின்னால் சாய்ந்து, எண்ணெயில் வழுக்கி, நிலத்தில் குந்தினான். ஸ்ரீபன் அசையவில்லை.

துஷ்யந்தன் திரும்பி, மேசையில் இருந்த இடுக்கியில் தண்டின் ஒரு நுனியைச் செருகி இறுக்கினான். பெரிய சம்மட்டியை எடுத்து ஓங்கி அடித்தான். முதல் அடிக்கே அது இரண்டாக முறிந்து, ஒரு துண்டு சுவரில் பட்டுத் தெறித்தது. வார்ப்பிரும்பு வளையாது. உடையும். அவன் நிறுத்தவில்லை. மிச்சத் துண்டை இன்னும் மூன்றாக உடைத்தான். பிறகு சம்மட்டியை வைத்தான். மூச்சு இரைத்தது.

"ஆவணிக்கு வேறை கார் பாருங்கோ, ஐங்கரன்," என்றான்.

ஐங்கரன் எழும்பிப் போனான். வாசலில் நின்று எதையோ சொன்னான், திரும்பி வரவில்லை.

ஸ்ரீபன் பழைய காட்போட் துண்டைத் தேடி எடுத்தான். "சொல்லு. காரை கூடுதலா எந்த வேகத்திலை ஓடுறனி?"

"மேளத்துக்குப் பின்னாலை போற வேகத்திலை."

ஸ்ரீபன் சின்னக் கோட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான்.

மகாலிங்கம் ஐந்து மாதம் தவில் தூக்கவில்லை. துஷ்யந்தன் நான்கு தரம் அவருடைய வீட்டுக்குப் போனான். மூன்று தரம் கதவு திறக்கவில்லை. நான்காம் தரம் அவரே திறந்து, "என்ன, மற்றக் காலையும் பாக்க வந்தனியோ?" என்று கேட்டு உள்ளே விட்டார்.

இந்தத் தையில் ஒரு கலியாணத்தில் அவர் மறுபடியும் அந்தக் காருக்கு முன்னால் நின்றார். கொஞ்சம் நொண்டினார். தொடங்குவதற்கு முன் பம்பருக்கும் தன் முழங்காலுக்கும் இடையில் உள்ள தூரத்தைக் கண்ணால் அளந்தார். பிறகு ஒரு அடி கிட்ட வந்து நின்றார்.

"நிக்குமோ?"

"நிக்கும் அண்ணை."

பின்னால் எவனோ, "தையல் மெசின் மாதிரிக் கிடக்கு" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். துஷ்யந்தனின் இரண்டு கைகளும் ஸ்ரியரிங்கில் இருந்தன. மகாலிங்கம் கண்களை மூடி அடிக்கத் தொடங்கினார். கார் நின்றது.