புருசெல்ஸ் அச்சுக்கடையில் ஒரு சொல்

வெளியே பனி சேறாகிக் கிடக்கிறது. குளிருக்கு ஒரு தமிழரின் அச்சுக்கடையில் ஒதுங்கியிருக்கிறேன். இறந்துபோன ஐரிஷ் மருமகனுக்குக் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் அடிக்க வந்திருக்கிறார் வசந்தி. நாளை அடக்கம். மகள் எழுதிய ‘மிஸ் யூ’வை மருமகனுடைய ஐரிஷ் மொழியில் போட வேண்டுமாம். அகராதி ‘மிஸ்’ஸுக்கு ஏழெட்டுச் சொற்களை அடுக்குகிறது. ரயிலைத் தவறவிட எது, குறி தப்ப எது, ஆளை நினைத்து ஏங்க எது என்று சொல்லவில்லை.

“நீங்கள் மொழிபெயர்ப்புத் துறையிலை இருந்தனீங்களாம். ஒண்டைச் சொல்லுங்கோவன், ஐயா.”

ஓய்வு பெற்றும் நடைமுறை என்னை விட்டபாடில்லை. “எனக்கு அந்த மொழி தெரியாதும்மா. தெரிஞ்சவர் ஒருத்தர் பார்த்து ஒப்புதல் தரணும். அதுதான் விதி.”

“அதைக் கதைக்கிற ஆள் எங்களுக்கு இருந்தது மருமகன் ஒருத்தர்தான், ஐயா.”