எர்மெஸ் அடித்த ஒரே கோல்

பதினான்கு வருஷம் பந்தாடி, ஒரே ஒரு கோல் அடித்தவன் எங்கள் எர்மெஸ். நடுக்களத்து ஆட்டக்காரன். பந்தைப் பிடுங்குவான், பக்கத்திலிருப்பவனுக்குக் கொடுப்பான், மறுபடி ஓடுவான். கைதட்டல் எல்லாம் இன்னொருவனுக்குப் போகும். அதற்காக அவன் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அந்த ஒரு கோலை வேறு எங்காவது அடித்துத் தொலைத்திருக்கக் கூடாதா!

எண்பத்து மூன்று மே, கடைசி ஞாயிறு. எங்கள் ஊரில் பிறந்தவன்தான், ஆனால் ஆடியது வெளியூர் அணியில். எதிரே எங்கள் ஊர். சமனில் முடிந்தால் கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் இருவருமே தப்பிக்கலாம். அப்புறம் எவன் ஓடுவான்? பந்தைச் சும்மா உருட்டினார்கள். எங்கள் காதெல்லாம் மற்ற ஆட்டங்களுக்காக டிரான்சிஸ்டரில், கண்ணெல்லாம் கடலைப் பொட்டலத்தில். அந்த ஞாயிறுகளை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது.

கடைசி நிமிஷம் எர்மெஸ் தூரத்திலிருந்து உதைத்த பந்து வலைக்குள் கிடந்தது. உடனே விசில். எங்கள் அணி ஒரு பிரிவு கீழே இறங்கியது, திரும்ப ஏறவே இல்லை. வெயில் கண்ணில் அடித்தது என்றான் எங்கள் கோல்கீப்பர் அடெல்மோ. நம்பினோம். எர்மெஸை ஊரே துரோகி என்றது.

ஆட்டத்தை விட்டு அம்மாவோடு இருக்க வந்தவன், எதிர்வீட்டில் இருந்தும் என் காபிக் கடைப் படி ஏறவில்லை. எட்டு வருஷம்! அம்மா போய்ச் சேர்ந்த மறு ஞாயிறு, எனக்கே பொறுக்காமல் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன்.

"வேணாம் இல்வா அக்கா. அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"மூடிக்கிட்டு வாடா!"

கடைக்குள் நுழைந்ததும் சீட்டாட்டம் நின்றது. "கதவச் சாத்துங்கப்பா, இங்கயும் கோல் போட்டுடப் போறான்" என்றது ஒரு வாய். எர்மெஸ் திரும்பி நடந்தான்.

"டேய், நில்லு!" அடெல்மோ சீட்டைப் போட்டுவிட்டு எழுந்தான். "வெயிலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. சிகரெட்டுக்கு நெருப்பு கேட்டு, கோலுக்குப் பின்னாடி நின்ன போட்டோக்காரன்கிட்ட போயிட்டேன். இவன் நேரத்தப் போக்க என் கைக்குத்தான் அனுப்பினான். வாங்கிக்க நான் அங்க இல்ல."

அடெல்மோ எர்மெஸ் பக்கம் திரும்பினான்.

"நீதான் பாத்தியே, ஏன்டா சொல்லல?"

"உனக்கு இங்க கறிக்கடை இருக்கு, பிள்ளைங்க இருக்கு" என்றான் எர்மெஸ். "நான் வெளியூர்லதான ஆடிக்கிட்டிருந்தேன்."

அவனுக்குக் காபி போடும்போது அழுதுவிட்டேன். எட்டு வருஷம் அவனை வைதவர்களில் நானும் ஒருத்தி.